இரண்டு சதுரக் குற்றி உயரம்

கூறை உடுக்கப் போகிற என் பிள்ளைக்கு,

உன் கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. வீட்டில் ஒருவரும் இல்லை. நீ கல்யாணப் பெண் என்ற நினைப்பே இல்லாமல் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாய். அப்பா மண்டபத்தில் கதிரைகள் எப்படிப் போடுவார்கள் என்று பார்க்கப் போயிருக்கிறார். ஃபாக்டரிக்கு ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு நிற்கிற நான், செய்ய வேண்டிய நூறு வேலையையும் விட்டுவிட்டு உன் கிற்றாரைத் துடைக்கலாம் என்று அதன் பெட்டியைத் திறந்தேன். மேடை ஏறப் போகிற சாமான் தூசியோடு ஏறக் கூடாது அல்லவா. பெட்டியின் தலைமாட்டில் மூடி போட்ட ஒரு சிறிய அறை இருக்கிறது, நீ புதுத் தந்திச் சுருள்களைப் போட்டு வைப்பாய். அதன் அடியில் ஒன்றைக் கண்டேன். அது என்னவென்று உனக்குத் தெரியும். உன் கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிடம் தனியாகச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள். பிறகு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இதை எழுதத் தொடங்கினேன். கண்டெடுத்ததைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை ஒன்பது வருடமாகச் சொல்லாமல் கிடக்கிறது.

நேற்று ஈஸ்ட் ஹாமிலிருந்து உன் பெரியம்மா போன் எடுத்தா. சுகம் விசாரித்து, சேலை விசாரித்து, பலகாரம் விசாரித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தா. "கல்யாணப் பொம்பிளை மேடையில ஏறிக் கிற்றார் வாசிக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டா. நான், "சனம் கை தட்டும் அக்கா" என்று சொன்னேன். கூறைச் சேலையோடோ என்று கேட்டா. ஓம், கூறையோடுதான், கழுத்தில் தாலிக்கொடியோடும்தான் என்றேன். பிள்ளை, என் வாழ்க்கையில் உன் பெரியம்மாவை நான் வாயடைக்க வைத்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, நீ என்ன படிக்கிறாய் என்று அவ கேட்டபோது "என்ஜினியர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, "சவுண்ட்" என்ற முதல் பாதியை நான் விழுங்கிய அன்று. பாலம் கட்டுகிற என்ஜினியர் என்று அவ நினைத்துக்கொண்டா. அது அவவின் நினைப்பு, என் பொய் இல்லை. ஆனால் நான் இப்போது சொல்லப் போவது என் பொய்யைப் பற்றித்தான்.

உனக்குப் பதினைந்து வயது. எண்பதுகளின் கடைசி. அப்போது நாங்கள் வெம்பிளியில் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டறை ஃபிளாட்டில் இருந்தோம். அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வந்து, புட்டைச் சாப்பிட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால் பின்னேரம் நாலரை மணிக்குத்தான் எழும்புவார். அவர் படுத்திருக்கும்போது எங்கள் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்காது, அதன் தலையில் துணி போட்டு வைத்திருப்பேன். அந்த வீட்டுக்குள் நீ ஒரு சனிக்கிழமை எலெக்ட்ரிக் கிற்றாரோடு வந்தாய். கூடவே பழைய அம்பிளிபயர்ப் பெட்டி ஒன்று, ஹெட்போன் செருகவும் ஓட்டை இல்லாதது. சனிக்கிழமைகளில் நீ கடையில் நின்று உழைத்து வாங்கியது என்பதால் அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் எழும்பி வந்து, உன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, அம்பிளிபயரின் சத்தம் கூட்டுகிற குமிழுக்குப் பக்கத்தில் மூன்றாம் இலக்கத்தில் ஒரு கோடு போட்டார். "இதைத் தாண்டினால் கிற்றார் கடைக்குத் திரும்பிப் போகும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துவிட்டார்.

நீ அந்தக் கோட்டை ஒரு நாளும் தாண்டவில்லை. அதில் எனக்குப் பெருமை. ஆனால் நீ என் பிள்ளை அல்லவா, கோட்டைத் தாண்டாமலே சத்தத்தைக் கூட்ட வழி பார்த்தாய். கிற்றாரின் தந்திகளுக்குக் கீழே மூன்று வெள்ளைக் கட்டைகள் இருக்கின்றனவே, பிக்கப் என்று நீ சொல்வாய், உள்ளே காந்தம் வைத்தவை, தந்தி அதிர்வதைக் கேட்டு அம்பிளிபயருக்கு அனுப்புகிறவை. ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்திலும் ஒரு திருகாணி. அதை ஒரு பக்கம் திருப்பினால் கட்டை மேலே வரும், மறுபக்கம் திருப்பினால் கீழே போகும். தந்திக்குக் கிட்ட வரவர சத்தம் கூடும் என்று யாரோ பள்ளிக்கூடத்தில் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீ அந்த மூன்றையும் தந்தியில் முட்டுகிற அளவுக்கு உயர்த்திவிட்டாய். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அப்பா புரண்டு படுத்தார், எழும்பவில்லை, அதனால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. உன் சுருதி கெட்டுப்போயிருந்தது. நான் ஏழு வருடம் வயலின் படித்தவள் என்பதை நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய், ஆயிரத்தோராவது தடவையாகவும் கேள். சுருதி பிசகினால் எனக்குப் பல் கூசும். நீ கிற்றார்த் தந்திகளை உன் எண்ணத்துக்கு மாற்றிக் கட்டி, மோகன ராகத்தை அதில் இழுத்து இழுத்து வாசிக்கப் பழகியபோது, வெளியில் சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் நான் துள்ளினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வேறு என்னவோ வாசிக்க, என் பிள்ளை மோகனம் வாசிக்கிறாள். ஆனால் பிக்கப்பை உயர்த்திய அந்தக் கிழமையிலிருந்து தடித்த தந்தியில் நீ நிறுத்துகிற ஸட்ஜம் நடுங்கத் தொடங்கியது. ஒரே தந்தியில் இரண்டு சுரம் கேட்டது, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. நீ என்னிடம் வந்து, "அம்மா, கிற்றாரில ஏதோ பிழை இருக்கு. நான் சரியாத்தான் பிடிக்கிறன்" என்று சொன்னாய். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், என்றேன். நீ திரும்பிப் போனாய். மோகனம் கேட்டு நான் துள்ளியதை உனக்குச் சொன்னதில்லை, பழமொழியை மட்டும் உடனே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருடக் கலைவிழாவுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி தெரிவு செய்துகொண்டிருந்தார்கள். அங்கே சங்கீதம் படிப்பித்த சுகந்தி ரீச்சர், கிற்றாரில் மோகனம் என்று கேள்விப்பட்டு, தானே கேட்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தா. மேடைக்குக் கிற்றார் எதற்கு என்று கமிற்றியில் முணுமுணுப்பு இருந்தும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சண்டை பிடித்துவிட்டு வந்தவ. நீ தலை இழுத்துக் கட்டி, பொட்டு வைத்து, கிற்றாரோடு கம்பளத்தில் உட்கார்ந்தாய். தொடங்கினாய். முதல் ஸட்ஜமே நடுங்கியது. ரீச்சரின் புருவம் கொஞ்சம் சுருங்கியதை நான் கண்டேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உனக்காகக் கூசவில்லை பிள்ளை, எனக்காகக் கூசியது. ஏழு வருடம் படித்தவளின் பிள்ளை இப்படியா என்று அவ நினைத்துவிடுவாவே என்று. நீ முடிக்கும் முன்பே நான் சொன்னேன்: "இவளுக்குக் காது இல்லை ரீச்சர். நானும் என்ன செய்யிறது." நீ கையைத் தந்தியிலிருந்து எடுத்தாய். ரீச்சர் நல்ல மனுசி, இன்னும் காலம் இருக்கிறது, பழகட்டும் என்றா. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டா. உன் பெயர் நிகழ்ச்சியில் சேரவில்லை.

அன்றைக்குப் பிறகு நீ கிற்றாரைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாய். அழவில்லை, கத்தவில்லை, கதவை அடிக்கவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுச் சமாதானமாகியிருப்பேன். நீ பள்ளிக்கூடம் போனாய், வந்தாய், படித்தாய், சாப்பிட்டாய். கேட்டதற்கு "ஓம்" என்றும் "இல்லை" என்றும் பதில் சொன்னாய். வீடு அமைதியாக இருந்தது. அப்பா நன்றாக நித்திரை கொண்டார். மூன்றாம் நாள் எழும்பி வந்து, ஏன் பிள்ளை வாசிக்கிறதில்லை என்று அவரே கேட்டார். சோதனைக்குப் படிக்கிறாள் என்றேன். இரண்டு கிழமை இப்படிப் போனது. உன் அறை வாசலில் நான் எத்தனை தடவை வந்து நின்றேன் என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும், பிள்ளையிடம் போய்த் தாய் என்ன மன்னிப்புக் கேட்பது என்று திரும்பிப் போனேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை. கோபம் தீர்ந்தால் சாப்பாட்டில் ஒரு அகப்பை கூடப் போடுவார்கள், அதுதான் மன்னிப்பு. நானும் உன் சாப்பாட்டுக் கோப்பையில் இறைச்சியைக் கூடப் போட்டேன். நீ அதைத் தொடாமல் ஒதுக்கினாய்.

இனி ஃபாக்டரிக் கதை. பார்க் ரோயலில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ சின்ன வயதில் கேட்டால் "முள்ளு வைக்கிறன்" என்பேன். மின்சாரம் எவ்வளவு போகிறது என்று முள் ஆடிக் காட்டுகிற மீற்றர்களைச் செய்கிற இடம் அது. முள்ளுக்குக் கீழே சுருள், சுருளுக்குப் பக்கத்தில் காந்தம். அந்த இடைவெளியைச் சரிபார்த்துத் திருகாணியை முறுக்குவதுதான் என் வேலை. அந்தக் கிழமை எங்கள் மேசைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். அவள் செய்த மீற்றர்கள் எல்லாம் முள் நடுங்குகிறது என்று திரும்பி வந்தன. எங்கள் மேற்பார்வைக்காரி மார்கரெட் ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கிட்ட வைத்தால் நல்லாக இழுக்கும் என்று அந்தப் பிள்ளை காந்தத்தை ஒட்ட வைத்திருந்தாள். காந்தம் அளவுக்கு மேல் கிட்டப் போனால் முள்ளை அதன் பாட்டில் ஆட விடாது, பிடித்து இழுக்கும் என்று மார்கரெட் அவளுக்கு விளங்கப்படுத்தினாள். நான் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தேன். பதினொரு வருடம் நான் செய்த வேலை அது. எனக்கு அது புதுச் செய்தி இல்லை. ஆனால் கிற்றாரின் வெள்ளைக் கட்டைகளுக்குள்ளேயும் காந்தம் என்று நீ ஒரு நாள் சமையலறையில் நின்று சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பிழை உன் காதில் இல்லை. கூடம் உண்மையாகவே கோணலாகத்தான் இருந்தது.

தலையிடி என்று சொல்லிவிட்டுப் பின்னேர ஷிப்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்தேன். அப்பா நித்திரை. நீ பள்ளிக்கூடத்தில். கட்டிலுக்குக் கீழேயிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தேன். நான் நினைத்தது சரி. மூன்று கட்டைகளும் தந்திகளை முட்டிக்கொண்டு நின்றன. தடித்த தந்தியை, கிற்றாரின் கழுத்தில் குறுக்கே இருக்கிற பட்டிகளில் கடைசிப் பட்டியில் அழுத்தினால் அது காந்தத்திலேயே போய் ஒட்டியது. என் கைப்பையிலிருந்த வேலைத் திருப்புளியை எடுத்தேன். எவ்வளவு இறக்குவது என்பதுதான் கேள்வி. ஃபாக்டரியில் இடைவெளி பார்க்கப் பித்தளைத் தகடு வைத்திருப்போம், இரும்புத் தகடு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பித்தளைத் தகடுக்கு எங்கே போவது? சாமித் தட்டில் இரண்டு ஐந்து சதக் குற்றி கிடந்தன, ஊரில் முன்பு ஓடிய அந்தச் சதுரக் காசுகள். விமானம் ஏறியபோது என் பேர்ஸின் மூலையில் கிடந்து என்னோடு வந்தவை. காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன், அசையவில்லை. சாமியிடம் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டேன். தந்தியைக் கடைசிப் பட்டியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தடித்த தந்திப் பக்கம் இரண்டு குற்றியும் நுழைகிற அளவுக்கு இறக்கினேன். மெல்லிய தந்திப் பக்கம் ஒரு குற்றியும் நாலாய் மடித்த பஸ் டிக்கெட்டும். பிளக் போட்டு, அம்பிளிபயரை ஒன்றில் வைத்து, தடித்த தந்தியைத் தட்டினேன். கோயில் மணி மாதிரி நின்றது பிள்ளை. ஒரே சுரம், நடுக்கமில்லாமல். நான் அந்த அறையில் தனியாக நின்று இரண்டு கையையும் தூக்கினேன். பிறகு அப்பா எழும்பிவிடப் போகிறார் என்று உடனே நிறுத்தினேன்.

நல்ல தாய் என்றால் உனக்காக வாசலில் காத்திருந்து, நீ வந்ததும் சொல்லியிருப்பாள். நான் என்ன செய்தேன்? கிற்றாரைத் துடைத்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய் வெங்காயம் வெட்டினேன். நீ வந்தாய். அறைக்குள் போனாய். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு ஒரு ஸட்ஜம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மோகனம் முழுதாக வந்தது. எனக்குக் கண் எரிந்தது, அன்றைக்கு வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நீ சமையலறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாய். ஏதோ கேட்கப் போகிறாய் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். "பாத்தியே, சாதகம் செய்தா வரும்" என்றேன். இரண்டு கிழமை தொடாத பிள்ளைக்குச் சொன்னேன், சாதகம் என்று. நீ "ஓம் அம்மா" என்றாய். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு மீசைகூட இல்லை, ஆனாலும் தட்டிவிட்டுக்கொண்டு எழும்பினேன். நீ திருகாணியைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். சாமிப் படத்தை நான் ஒரு அங்குலம் நகர்த்தினாலும் கண்டுபிடிக்கிற பிள்ளை, தானே உயர்த்தி வைத்ததைக் கவனிக்கவில்லை என்று நம்பினேன் பார். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த அவசரத்தில் இரண்டு குற்றியில் ஒன்றைக் காணவில்லை. அடுத்த நாள் உன் அறையில் கட்டிலுக்குக் கீழே ரோர்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தேன். நீ வந்து, "என்ன அம்மா தேடுறியள்?" என்று கேட்டாய். ஊசி என்றேன். நானும் தேடவா என்று கேட்டு, பள்ளிக்கூட உடுப்போடு முழங்காலில் இருந்து, கம்பளத்தைக் கையால் தடவித் தடவி என்னோடு அரை மணி நேரம் ஊசி தேடினாய். அதை நினைத்துத்தான் இன்று பத்து நிமிடம் சிரித்தேன்.

பிறகு சுகந்தி ரீச்சருக்குப் போன் எடுத்தேன். பிள்ளையை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றேன். நீங்கள்தானே காது இல்லை என்று சொன்னீர்கள் என்று அவ நியாயமாகவே கேட்டா. எனக்கு அன்றைக்குத் தடிமன், காது அடைத்துப்போயிருந்தது, எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்றேன். இது இன்னொரு பொய். ரீச்சர் சிரித்தாவா இருமினாவா தெரியவில்லை. வந்தா. கேட்டா. நீ ஸட்ஜத்தில் நிற்கும்போதே பையிலிருந்து பேனையை எடுத்தா. உன் பெயரைக் கடைசி நிகழ்ச்சியாக எழுதிக்கொண்டு, கமிற்றிக்குத் தான் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அன்றைக்குத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தா.

கலைவிழாவைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் மேடையிலிருந்து நீ கண்டதைவிட எட்டாவது வரிசையிலிருந்து நான் கண்டது அதிகம். உன் நிகழ்ச்சியை அறிவித்ததும் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் கோட்டுகளை மாட்டியபடி எழும்பினார்கள், கிற்றார் என்றால் சத்தம்தானே, நேரத்தோடு கார்ப் பார்க்குக்குப் போகலாம் என்று. நீ பச்சைப் பட்டுப் பாவாடையோடு, கிற்றாரை மடியில் வீணை மாதிரி வைக்காமல், தோளில் வார் போட்டு நிமிர்ந்து நின்றாய். ரீச்சரின் கணவர் மிருதங்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். நீ தடித்த தந்தியைத் தொட்டாய். அந்த ஸட்ஜம் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் நின்றது. கோட்டு மாட்டினவர்கள் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அப்படியே இருந்துவிட்டார்கள். நீ தந்தியை விரலால் தள்ளி இழுத்துக் காந்தாரத்தை அசைத்தபோது பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் தன் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். முடிந்ததும் சனம் எழும்பி நின்றது. மேடைக்குக் கிற்றார் எதற்கு என்று கேட்ட கமிற்றித் தலைவர் மைக்கைப் பிடித்து, தான் முதலிலேயே சொன்னதாகச் சொன்னார். வெற்றி என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு அடையாளம் வேண்டாம், எதிர்த்தவன் தானும் கூட நின்றதாகச் சொல்லத் தொடங்கிவிடுவான். சுகந்தி ரீச்சர் என்னிடம் வந்து, "உங்கட பிள்ளைக்கு நல்ல காது" என்றா. நான் வாயைத் திறந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், நீயும் பக்கத்தில்தான் நின்றாய். எல்லாம் உங்கள் ஆசீர்வாதம் ரீச்சர் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா இரவு முழுக்க வேலை செய்துவிட்டு, நித்திரையில்லாமல் அந்த மண்டபத்துக்கு வந்திருந்தார். முதல் பேச்சாளர் வணக்கம் சொன்னபோதே குறட்டை விட்டவர், நீ ஏறியபோது கண் விழித்தார், பிறகு மூடவில்லை. வீட்டுக்கு வந்ததும் படுக்கப் போகாமல் அம்பிளிபயருக்கு முன்னால் குந்தியிருந்து, அந்தச் சிவப்புக் கோட்டைப் பெருவிரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒரு பொட்டுக்கூட மிஞ்சவில்லை. "இனி நீயே பாத்துச் செய்" என்று உனக்குச் சொன்னார். நீ பார்த்துத்தான் செய்தாய். அவர் படுத்திருக்கும்போது அந்தக் குமிழ் ஒரு நாளும் மூன்றைத் தாண்டவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்துவிட்டு, நீ குளிக்கிற நேரம் பார்த்து, மிஞ்சியிருந்த ஒற்றைக் குற்றியோடு அதே தடிப்புக்கு மடித்த அட்டைத் துண்டையும் சேர்த்து வைத்து அந்த உயரத்தை அளந்து பார்ப்பேன். ஒன்பது வருடம். தந்தி மாற்றினாய், அம்பிளிபயர் மாற்றினாய், வேறு இரண்டு கிற்றார் வாங்கினாய். இந்தக் கிற்றாரின் உயரம் மட்டும் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் காந்தத்தையும் தந்தியையும் காட்டி, புருஷனும் மனைவியும் இவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று புத்தி சொல்லப் போகிறேன் என்று பயப்படாதே. அதைச் சொல்ல வரவேற்பில் மைக் பிடிக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மூன்று மாடிக்கு உன் அம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டு, மூச்சு வாங்கியபடி "வேற என்ன தூக்க வேணும்?" என்று கேட்ட உன் மாப்பிள்ளைக்கு, சட்டனில் இருக்கிற அந்தப் பெடியனுக்கு, என் புத்திமதி தேவையில்லை. உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிழை விட்டால் அன்றைக்கே வாயால் சொல்லிவிடு. இறைச்சியைக் கூடப் போட்டுச் சமாளிக்காதே. ஆளில்லாத நேரம் பார்த்துத் திருகாணியைத் திருப்பிவிட்டு வெங்காயம் வெட்டாதே. நான் கிற்றாரைச் சரியாக்கினேன், அதில் எனக்கு இன்றும் தலைகால் தெரியாத பெருமை. ஆனால் சொன்ன சொல்லைச் சரியாக்கவில்லை. அது அப்படியே கிடந்தது. நீ சவுண்ட் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, "காது இல்லாதவளுக்கு இந்தப் படிப்பு ஏன் எண்டு கேக்க மாட்டியளே அம்மா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாய். நானும் சிரித்தேன். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, கண்டெடுத்ததற்கு வருகிறேன். பெட்டியின் அந்தச் சிறிய அறையின் அடியில், கொப்பித் தாள் ஒன்றில் மடித்துச் சுற்றி, என் ஐந்து சதக் குற்றி. தாளில் உன் பதினைந்து வயதுக் கையெழுத்து. ஒரு கிற்றார்ப் படம் கீறி, ஒரு பக்கத்தில் இரண்டு சதுரமும், மற்றப் பக்கத்தில் ஒரு சதுரமும் மடித்த டிக்கெட்டும் வரைந்திருக்கிறாய். டிக்கெட்டும் கிடைத்திருக்கிறது உனக்கு! மேலே தமிழில், "அம்மா வைத்த உயரம். மாற்றக் கூடாது" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், "கேக்கக் கூடாது. அவவே சொல்லுவா."

கள்ளி. முழங்காலில் இருந்து என்னோடு ஊசி தேடினாயே.

நீ காத்திருந்தாய், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், என் கையெழுத்தில், அழிக்க முடியாதபடி பேனையால். அன்றைக்குச் சுகந்தி ரீச்சருக்கு முன்னால் நான் சொன்னது பிழை. கிற்றாரில் பிழை இருக்கிறது என்று நீதான் முதலில் கண்டுபிடித்தாய், நான் கேட்கவில்லை. உனக்குக் காது இருந்தது பிள்ளை. அந்த வீட்டில் எல்லோரையும்விட நல்ல காது உனக்குத்தான் இருந்தது. என்னை மன்னித்துக்கொள்.

இந்தக் கடிதத்தை உன் கிற்றார்ப் பெட்டிக்குள், அதே அறையில் வைக்கிறேன். சாமித் தட்டிலிருந்த மற்றக் குற்றியையும் எடுத்து உன் தாளுக்குள்ளேயே வைத்துச் சுற்றியிருக்கிறேன். இரண்டும் உன்னோடு சட்டனுக்கு வரட்டும். சற்று முன் இரண்டையும் தந்திக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டேன், உயரம் சரியாக இருக்கிறது. சனிக்கிழமை நீ எவ்வளவு வேண்டுமானாலும் சத்தத்தைக் கூட்டி வை. அப்பா முன்வரிசையில் முழித்துக்கொண்டுதான் இருப்பார்.

உன் அம்மா